சின்னக் காருக்குக் குளிர்காலத்தில் ஆல்-சீசன் டயர் மாற்றுவது பற்றி

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். முன்சக்கரத்தில் இயங்கும் ஒரு சின்ன ஹாட்ச்பேக். டயர் அளவு 185/65 ஆர்15. காரோடு வந்த டயர்கள் ஐந்து வருடம் ஓடிவிட்டன, பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் உயரம், மூன்றரை மில்லிமீட்டர்தான் மிச்சம். குளிர்காலம் தொடங்கிவிட்டது. ஒரு சீசனுக்கு ஏழெட்டு தடவை பனி விழும், பெரும்பாலும் ஒரே நாளில் சாலையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். இரண்டு செட் டயர் வைத்துக்கொள்ள இடமும் இல்லை, மனமும் இல்லை. வருடம் முழுக்க ஓட்டும் ஆல்-சீசன் டயர் போட்டுவிடலாமா? போட்டால் எதைப் பார்த்து வாங்குவது? முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா? கொஞ்சம் அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். இந்த நிலைமைக்கு ஆல்-சீசன் தாராளமாகப் போடலாம். ஆனால் பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்த டயராக இருக்க வேண்டும். நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். அகலத்தைக் கூட்டவே கூடாது. வசந்தம் வரை பழையதையே ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள்.

மலைச் சின்னத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'ஆல்-சீசன்' என்ற பெயர் ஒன்று, அதற்குப் பொருள் இரண்டு. ஐரோப்பாவில் இன்று ஆல்-சீசன் என்று விற்கப்படும் டயர்களில் பெரும்பாலானவை பனிச் சோதனையில் தேறி அந்தச் சின்னம் வாங்கியவை. வட அமெரிக்காவில் அதே பெயரில் விற்கப்படும் டயர்களில் பலவற்றுக்கு எம்+எஸ் என்ற எழுத்து மட்டுமே இருக்கும். அங்கே பனிச் சின்னம் உள்ள, வருடம் முழுக்க ஓட்டக்கூடிய டயரை 'ஆல்-வெதர்' என்று தனிப் பெயரில் விற்கிறார்கள். ஒரு கண்டத்தில் எழுதிய டயர் விமர்சனத்தைப் படித்துவிட்டு இன்னொரு கண்டத்தில் வாங்கப் போகிறவர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்.

எம்+எஸ் என்பது சேறும் பனியும் என்பதன் சுருக்கம். கேட்பதற்கு நம்பிக்கையாக இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை எதுவும் இல்லை. டயரின் முகத்தில் ஏறத்தாழ கால் பங்கு பள்ளமாக இருக்க வேண்டும், பள்ளங்கள் ஓரம் வரை போக வேண்டும் என்பது போன்ற வடிவ விதிதான். ரப்பர் எப்படிப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. குட்இயர் நிறுவனம் 1977-ல் டியெம்போ என்ற டயரை ஆல்-சீசன் என்று சந்தைக்குக் கொண்டுவந்தபோது, வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றும் வேலை ஒழிந்தது என்று மக்கள் சந்தோஷப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. வேலை மிச்சமானது உண்மை. பனியில் அந்த வகை டயர்கள் எந்த அளவுக்கு நிற்கும் என்பதற்குப் பொது அளவுகோல் வர மேலும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அமெரிக்க, கனடிய ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் 1999-ல் ஒப்புக்கொண்டு கொண்டுவந்ததுதான் இந்த மலைப் பனிப்பூச் சின்னம்.

சோதனையின் சாரம் எளிமையானது. ஓரளவு இறுகிய பனியில் ஒரு பொது ஒப்பீட்டு டயரை ஓட்டி அதன் இழுவையை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். புது டயர் 110 எடுத்தால் சின்னம் கிடைக்கும். ஐரோப்பிய விதிகளில் பனியில் பிரேக் பிடித்து அளக்கும் முறையும் ஏற்கப்படுகிறது. இதிலிருந்து ஒன்று புரியும்: இது 'பாஸ்' மதிப்பெண் மட்டுமே. 110 எடுத்ததும் அதைவிட மிக அதிகம் எடுத்ததும் ஒரே சின்னத்தைத்தான் அணிந்திருக்கும். பனிக்கட்டியில் எப்படி நிற்கும், வளைவில் எப்படித் திரும்பும் என்பதைப் பற்றி அந்தச் சின்னம் வாயே திறக்காது. ஆனாலும் எந்தச் சோதனையும் இல்லாத எம்+எஸ் எழுத்தைவிட இது எவ்வளவோ மேல்.

சட்டங்களும் இந்தப் பக்கமே நகர்ந்துவிட்டன. ஜெர்மனியில் குளிர்காலச் சாலை நிலைமைக்கு எம்+எஸ் மட்டும் உள்ள டயர்கள் 2024 செப்டம்பர் இறுதியோடு செல்லாதவை ஆகிவிட்டன. மலைச் சின்னம் கட்டாயம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களுக்கு அந்தச் சின்னம் உள்ள டயரோ ஆணி பதித்த டயரோ இருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்கும் கேள்விகளில் டயரும் ஒன்று.

சரி, ரப்பருக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

டயர் சாலையைப் பிடிப்பது ரப்பர் வளைந்து கொடுப்பதால். சாலையின் மேற்பரப்பு நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளம் நிறைந்தது. ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி ஏற வேண்டும். கோடைக்காலக் கலவை குளிரில் விறைத்துப் போகும். தோராயமாக 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் பிடிமானம் குறையத் தொடங்கும் என்று சொல்வார்கள். 7 என்பது கோடு கிழித்தது போன்ற எல்லை அல்ல, படிப்படியாகத்தான் இறங்கும். குளிர்காலக் கலவையில் சிலிக்காவும் கூடவே மென்மை காக்கும் பொருட்களும் சேர்த்து, உறைநிலைக்குக் கீழேயும் ரப்பர் இளகியே இருக்கும்படி செய்கிறார்கள். அதே டயரைக் கொளுத்தும் வெயிலில் ஓட்டினால் பட்டன்கள் கொழகொழவென்று அசையும், பிரேக் தூரம் கூடும், சீக்கிரம் தேயும். ஆல்-சீசன் என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கலவை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எந்தக் காலில் அதிகம் சாய்ந்து நிற்கிறது என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அந்தச் சாய்வைத்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு ஜனவரி காலை, லேசான இறக்கத்தில் சிவப்பு விளக்குக்கு வந்துகொண்டிருந்தேன். பெரிய பனிகூட இல்லை, ராத்திரி விழுந்து நாலு கார்கள் மிதித்த மெல்லிய படலம். டயரில் எம்+எஸ் இருந்தது, பட்டனும் பாதிக்கு மேல் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். ஏபிஎஸ் காலடியில் டுக் டுக் டுக் என்று தட்டியது, கார் நடக்கிற வேகத்தில் கோட்டைத் தாண்டி மெதுவாக, மிக மெதுவாக, சந்திப்புக்குள் போய் நின்றது. குறுக்கே யாரும் வரவில்லை. மதியம் வீட்டுக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்து பட்டனைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கோடையில் நகம் பதிந்து தடம் விடும் அதே ரப்பர், பழைய செருப்பின் அடிப்பகுதி போல இறுகிக் கிடந்தது. நகம்தான் வலித்தது. நகத்தால் டயரின் தரத்தை அளக்க முடியாதுதான். ஆனால் குளிர் ஒரு டயரை என்ன செய்யும் என்பதை அன்றைக்கு விரல் தெரிந்துகொண்டது.

ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், பிடிமானத்தை உருவாக்கித் தராது. நான்கு சக்கர இயக்கமும் அப்படியே: கிளம்ப உதவும், நிற்க உதவாது. உங்கள் காரில் எஞ்சின் எடை முழுக்க இழுக்கும் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருப்பதால், கிளம்புவதில் சின்ன முன்சக்கரக் கார் பனியில் நன்றாகவே சமாளிக்கும். ஆபத்தும் அதுதான். சுலபமாகக் கிளம்பிவிட்டதால் சுலபமாக நின்றும்விடும் என்று மனம் நம்பிவிடுகிறது.

கலவைக்கு அடுத்தது பட்டனின் வெட்டு. நல்ல பனி டயரை அருகில் வைத்துப் பாருங்கள். பெரிய பள்ளங்கள் தவிர, ஒவ்வொரு பட்டன் மேலும் பிளேடால் கீறியது போல மெல்லிய கீறல்கள் நெளிநெளியாக ஓடும். டயர் உருளும்போது அந்தக் கீறல்கள் திறந்து மூடும். ஒவ்வொரு கீறலின் விளிம்பும் பனியை ஒரு சின்ன நகம் போலக் கவ்வும், உருகிய நீர்ப்படலத்தையும் கொஞ்சம் உறிஞ்சும். பெரிய பள்ளங்களுக்கு வேறு வேலை. அவை பனியை உள்ளே வாங்கிக் கெட்டிப்படுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பனியோடு பனி ஒட்டும், ரப்பரோடு அவ்வளவு ஒட்டாது. பனி உருண்டை பிடித்த எவருக்கும் இது தெரியும். அதனால் டயர் இடுக்கில் பனி அப்பியிருப்பதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த இரண்டுமே ஆழத்தைப் பொறுத்தவை. புது ஆல்-சீசன் டயர் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழத்தோடு வரும். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஆனால் பனியில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயர் பனி டயராக இருப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆஸ்திரியாவில் குளிர்காலத்துக்கு 4 மில்லிமீட்டரைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நோக்கியன் நிறுவனத்தின் குளிர்கால டயர்களில் பட்டன் மேலேயே ஒரு பனிப்பூ பொறித்திருப்பார்கள், ஆழம் நாலு மில்லிமீட்டருக்கு வந்ததும் அது தேய்ந்து மறைந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8-லிருந்து 1.6 வரை 6.4 மில்லிமீட்டர் ஆயுள் என்று நினைத்து வாங்குகிறோம். பனிக்கு உதவுவது அதில் 4 மில்லிமீட்டர் மட்டுமே. விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டர் முழுவதும் குளிர்காலக் கிலோமீட்டர் அல்ல. உங்கள் மூன்றரை மில்லிமீட்டர் டயர் சட்டத்துக்குச் சரி, பனிக்குச் சரியில்லை. அதனால்தான் இப்போதே மாற்றச் சொல்கிறேன். வசந்தம் வரை தள்ளிவைத்தால் புது டயரின் முழு ஆழத்தைக் கோடையில் தேய்த்துவிட்டு, அடுத்த குளிர்காலத்துக்குக் குறைந்த ஆழத்தோடு போவீர்கள்.

அளப்பதற்கு ஆழமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பேனா அளவுதான் இருக்கும். டயரின் குறுக்கே உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளங்கள். உள் ஓரம் மட்டும் மொட்டையாகிக்கொண்டிருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் புதுசும் அதே வழியில் போகும்.

இனி அகலம். அகலமான டயர் என்றால் பிடிமானம் அதிகம் என்பது காய்ந்த சாலையில் வேகமாக ஓட்டுபவர் சொல்லும் கதை. பனியில் கதை தலைகீழ். காரின் எடை மாறவில்லை, காற்றழுத்தம் மாறவில்லை. அதனால் டயர் தரையைத் தொடும் பரப்பும் அதிகம் மாறாது, அதன் வடிவம்தான் மாறும். ஒடுங்கிய டயர் தன் முன்னால் இருக்கும் பனியைக் கத்தி போல வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தளத்துக்கு இறங்கும். அகலமானது பனியின் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். கரைந்து கூழான பனியிலும் மழைத் தண்ணீரிலும் இதே நிலைதான். சின்னக் கார் எடை குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம் மிதக்கும். உங்கள் 185 போதும். ஒரே கார் மாடலுக்கு உற்பத்தியாளர் இரண்டு அளவு அனுமதித்திருப்பார், விலை கூடிய வேரியன்டில் பெரிய ரிம்மும் மெலிந்த பக்கச் சுவரும் இருக்கும். அப்படி இருந்தால் குளிர்காலத்துக்குச் சின்ன ரிம், ஒடுங்கிய டயர் உள்ள அளவே நல்லது. குழியில் விழுந்தாலும் உயரமான பக்கச் சுவர் ரிம்மைக் காப்பாற்றும்.

சின்னக் கார் அளவுகளில் இன்னொரு தலைவலி, நல்ல மாடல் உங்கள் அளவில் கிடைக்காமல் போவது. அப்போது கடைக்காரர் "இது கிட்டத்தட்ட அதேதான் சார்" என்று பக்கத்து அளவை நீட்டுவார். கிட்டத்தட்ட என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு முறை 120, நடுவில் 15 அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். மொத்த விட்டம் ஏறத்தாழ 621. அவர் 195/60 ஆர்15 நீட்டினால் அதன் விட்டம் 615, ஒரு சதவீதம் குறைவு. வேகமானிக்குப் பெரிய பாதிப்பில்லை. 195/65 ஆர்15 என்றால் 634-க்கு மேல், இரண்டு சதவீதம் அதிகம்; ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உள்ளே உரசுமா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே 10 மில்லிமீட்டர் அகலம் கூடியவை என்பதையும் மறக்காதீர்கள். பனிச் சங்கிலி போடும் தேவை எப்போதாவது வரும் என்றால் கையேட்டைப் பாருங்கள். சங்கிலிக்கு எந்த அளவு டயர் அனுமதி என்று தனியாகக் குறித்திருப்பார்கள், அது பெரும்பாலும் ஒடுங்கிய அளவாகவே இருக்கும். எனக்குக் கேட்டால், டயர் வர ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, காருக்கு அனுமதித்த அளவிலேயே வரவழையுங்கள்.

அளவுக்குப் பின்னால் 88எச் என்பது போல ஒன்று எழுதியிருக்கும். 88 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கிலோமீட்டர். சுமைக் குறியீடு உங்கள் காருக்குச் சொன்னதைவிடக் குறையக் கூடாது, கூடலாம். 84 என்று ஒன்று மலிவாகக் கிடைத்தால் அது 500 கிலோதான், விட்டுவிடுங்கள். வேகக் குறியீட்டையும் இருப்பதற்குக் கீழே இறக்காமல் வாங்குவதுதான் தொல்லை இல்லாதது.

இரண்டு மட்டும் மாற்றுவது. இந்தக் கேள்வி வராத குளிர்காலமே இல்லை. காசு மிச்சம், இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரம்தானே என்று தர்க்கமும் சரியாகத்தான் படும். ஆனால் முன்னால் பனியைக் கவ்வும் புது டயர், பின்னால் விறைத்த பழைய டயர் என்றால் என்ன ஆகும்? வளைவில் பிரேக்கைத் தொட்டதும் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பிடிக்காமல் கதவு போலச் சுழன்று முன்னே வரும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஸ்டியரிங்கை லேசாகத் தளர்த்தினால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வந்துவிடும். பின்பக்கம் வீசிவிட்டால் பழகாத கைக்கு நேரமே கிடைக்காது. சின்னக் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி குறைவு, சுழல்வது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் குளிர்காலத்துக்கு நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஏதோ ஒரு காரணத்தால் இரண்டுதான் முடியும் என்றால், ஒரே வகை டயராகப் பார்த்து, புதியதைப் பின்னால் போடுங்கள். டயர் கடைகளில் பலமுறை இதற்காக வாதாடியிருக்கிறேன்.

எந்த மாடல் என்று கேட்பீர்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அந்த மாடல் உங்கள் அளவில் வருமா என்பது வேறு விஷயம். முன்பு சொன்ன சாய்வை வைத்துப் பாருங்கள். 2015-ல் மிஷலின் கிராஸ்கிளைமேட் வந்தபோது அதைப் பனிச் சின்னம் உள்ள கோடைக்கால டயர் என்றே அறிமுகப்படுத்தினார்கள்: காய்ந்த, ஈரச் சாலைக்குச் சாய்வு அதிகம், அவசரத்துக்குப் பனியும் தாங்கும். வேறு சில மாடல்கள் குளிர்கால டயரிலிருந்து கிளம்பிக் கோடையை நோக்கி வந்தவை. பனியில் ஒரு படி மேல், வெயிலில் பிரேக் தூரம் ஒரு படி அதிகம். வருடத்தில் ஏழெட்டு நாள் பனியும் மிச்ச நாளெல்லாம் ஈரச் சாலையும் உள்ள உங்களுக்கு ஈரத்தில் பிரேக் பிடிப்பதுதான் முதல் மதிப்பெண், பனி இரண்டாவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள் கிடைத்தால் அதில் ஈரப் பிடிமானம் ஏ முதல் இ வரை தரம் பிரித்திருப்பார்கள். 'பி'க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. ஜெர்மனியின் அடாக் போன்ற வாகன ஓட்டிகள் சங்கங்கள் ஆல்-சீசன் டயர்களைச் சோதித்து வெளியிடுகின்றன. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பனி, ஈரம், காய்ந்த சாலை என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள், உங்கள் வரிசைப்படி படியுங்கள். எந்த அளவு டயரைச் சோதித்தார்கள் என்றும் பாருங்கள். பெரிய எஸ்யூவி அளவில் ஜெயித்த டயர் 185-ல் அப்படியே நடந்துகொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

யாருக்கு ஆல்-சீசன் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் உறைநிலைக்குக் கீழேயே இருக்கும் ஊர், சுத்தம் செய்யாத மலைப் பாதை, விடிகாலை நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் செவிலியர்: இவர்களுக்குத் தனிக் குளிர்கால டயர்தான் சரி. முக்கியமாகப் பனிக்கட்டி. பூஜ்யம் டிகிரியை ஒட்டி, மேலே மெல்லிய நீர் நிற்கும் பனிக்கட்டிதான் இருப்பதிலேயே வழுக்கலானது. இருபது டிகிரி கீழே போன பனிக்கட்டிகூட இதைவிடத் தேவலை. அதற்கென்றே வடதுருவப் பக்கத்து நாடுகளுக்கான மிக மென்மையான கலவை டயர்கள் உண்டு. பின்லாந்துக்காரர்கள் 1934-லேயே லாரிகளுக்குக் குளிர்கால டயர் செய்யத் தொடங்கியவர்கள், அவர்களுக்குத் தெரியும். 2021 மே முதல் ஐரோப்பிய லேபிளில் பனிக்கட்டிப் பிடிமானத்துக்கு என்று தனிச் சின்னமே வந்துவிட்டது. அது இருக்கும் டயரை ஆல்-சீசன் வரிசையில் தேடினால் கிடைப்பது கடினம்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்: 3824 என்றால் 2024-ன் 38-வது வாரம் தயாரானது. குளிர்காலத்தின் நடுவில் நல்ல மாடல்கள் தீர்ந்துபோய், கிடங்கின் மூலையில் கிடந்தது தள்ளுபடியில் வெளியே வரும். ஒன்றிரண்டு வருடம் சரியாக வைத்திருந்த டயர் மோசமில்லை. அதற்கு மேல் என்றால் நான் வேறு செட் கேட்பேன்.

மாட்டி முடித்ததும் காசு கொடுப்பதற்கு முன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பனிச் சின்னம் உள்ள ஆல்-சீசன் டயர்களில் பல, அம்பு முனை போன்ற வெட்டு உள்ளவை. சுழலும் திசை பக்கச் சுவரில் அம்புக்குறியாக இருக்கும். எனக்கு ஒருமுறை மாட்டிக் கொடுத்ததில் வலது பின்சக்கரம் மட்டும் தலைகீழ். வேலை செய்த பையன் நல்லவன், அன்றைக்கு வாசலில் பதினைந்து கார் நின்றது, யாருக்கும் தப்பும். வீட்டில் இரண்டு நாள் கழித்து, காருக்குப் பின்னால் நின்று இரண்டு டயரையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: இடதுபக்கம் 'வி' நிமிர்ந்து நிற்கிறது, வலதுபக்கம் கவிழ்ந்து கிடக்கிறது. தலைகீழாக ஓடும் டயர் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதில் நடுவுக்கு வாங்கும். எல்லா டயரும் திசை உள்ளவை அல்ல. சிலவற்றில் 'வெளிப்பக்கம்' என்று மட்டும் இருக்கும், அது வெளியே தெரிந்தால் போதும். திசை உள்ள டயரை இடம் மாற்றிப் போடும்போது அந்தந்தப் பக்கத்திலேயே முன்னும் பின்னுமாகத்தான் மாற்ற முடியும், குறுக்காக அல்ல. முன்சக்கரக் காரில் முன் டயர்கள் வேகமாகத் தேயும் என்பதால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்யாவிட்டால், இரண்டு வருடத்தில் முன்னால் மொட்டை, பின்னால் புதுசு என்று பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

காற்று. இது இலவசம், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்கும். வெதுவெதுப்பான பட்டறையில் 20 டிகிரியில் 33 என்று நிரப்பிக் கொடுத்த டயர், மறுநாள் காலை மைனஸ் பத்தில் 28 காட்டும். டயர் பஞ்சர் இல்லை, காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டுவதற்கு முன் குளிர்ந்த நிலையில் அளந்து, ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பது அதிகபட்ச அழுத்தம், அது உங்களுக்கான எண் அல்ல. பனியில் பிடிமானம் கூடும் என்று காற்றைக் குறைத்து ஓட்டச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மணலில் மாட்டிய ஜீப்புக்கு அது பொருந்தலாம், நெடுஞ்சாலையில் போகும் சின்னக் காருக்கு வேண்டாம். காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு உள்ள கார் என்றால், டயர் மாற்றியபின் அதை மறு அமைப்புச் செய்ய வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள்.

புது டயர் முதல் சில நூறு கிலோமீட்டர் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். டயரை வார்த்த அச்சிலிருந்து கழற்ற உதவிய வழவழப்பு மேலே படிந்திருக்கும், பட்டன்கள் உயரமாக இருப்பதால் ஸ்டியரிங் சற்று மந்தமாகவும் தெரியும். லேசான ஊஊ சத்தமும் கேட்கலாம். நிதானமாக ஓட்டுங்கள். நூறு கிலோமீட்டர் வாக்கில் வீல் நட்டுகளை ஒருமுறை மறுபடியும் முறுக்கிப் பாருங்கள், கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு, அதற்கு மேல் ஏறி மிதிக்காமல்.

முதல் பனி விழுந்ததும் ஆள் இல்லாத ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்தைக் கண்டுபிடியுங்கள். கம்பம், நடைமேடை எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் போய் பிரேக்கை முழுக்க மிதியுங்கள். ஏபிஎஸ் தட்டும்போது காலை எடுக்காமல், கார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று இறங்கித் தடத்தை நடந்தே அளங்கள். அப்புறம் 40-ல் அதையே செய்யுங்கள். வேகம் இரண்டு மடங்குதான், தடம் ஏறக்குறைய நாலு மடங்கு நீளமாக இருக்கும். அந்த இரண்டு தடத்தின் நீளத்தையும் மனதில் வைத்துக்கொண்டு சாலைக்கு வாருங்கள்.